கூரை அறுத்த காரும் உஸ்மான் பாயின் கோபமும்

உஸ்மான் பாய்க்குக் கோபம் வரும் என்று சொல்வது தவறு. வருவதற்கு அது எங்கேயாவது போயிருந்தால்தானே? கோபம் அவரிடம் சொந்த வீட்டுக்காரர் மாதிரி நிரந்தரமாகக் குடியிருந்தது. சிரிப்பு, இரக்கம், பொறுமை போன்றவைதான் விருந்தாளி மாதிரி எப்போதாவது எட்டிப் பார்த்து, டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிடும்.

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் அவருக்கு ஒரு டிங்கர் பட்டறை. அடிபட்ட கார்களின் உடம்பைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. டொக்கு விழுந்த காரைக் கொண்டுவருகிறவர் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். "ரோட்டப் பாத்து ஓட்டுனியா, ரீல்ஸ் பாத்து ஓட்டுனியா?" என்று ஆரம்பித்து, ஓட்டியவர், அவருக்கு லைசென்ஸ் கொடுத்தவர், ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனவர் என்று ஒரு சுற்று வந்த பிறகுதான் சுத்தியலைத் தொடுவார். பாய் திட்டும்போதே பாதி டொக்கு பயந்து தானாக நிமிர்ந்துவிடும் என்பார்கள். அப்படியானால் வேறு பட்டறைக்குப் போகலாமே என்றால் போகமாட்டார்கள். அவர் கை வைத்த பிறகு, அடிபட்டது எந்தக் கதவு என்று காருக்கே மறந்துபோயிருக்கும்.

அவருடைய கோபத்துக்கு ஆளானவர்கள் பலர். ஜி.எஸ்.டி. ரோட்டில் மேம்பாலத்தின் உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு போன் பேசுகிறவர்கள். ஊரப்பாக்கத்தில் ஏரி மாதிரி தண்ணீர் நிற்கிற இடத்தில் குடையுடன் நின்று 'ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று மனை விற்கிறவர்கள். "சர்க்கரை கம்மியாவா பாய்?" என்று அக்கறையாகக் கேட்கிற டீக்கடைக்காரர். ஆனால் இவையெல்லாம் சில்லறைக் கோபங்கள். மொத்தக் கோபம் ஒன்று உண்டு. அது காரின் கூரை மீது.

கூரையோடு ஒரு மனிதனுக்கு என்ன பகை? அதற்கு 1997 மே மாதத்துக்குப் போக வேண்டும். அன்று உஸ்மானுக்கும் நூர் பீவிக்கும் நிக்காஹ். மாப்பிள்ளை ஊர்வலத்துக்காகப் பல்லாவரத்தில் ஒருவரிடம் பெரிய திறந்த கார் பேசியிருந்தார்கள். ஒன்பது மணிக்கு வர வேண்டிய கார் பத்தரை ஆகியும் வரவில்லை. அதைவிடப் பெரிய இடத்துக் கல்யாணம் ஒன்றுக்குப் போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. கத்திரி வெயிலில், ஷெர்வானியும் தலைப்பாகையுமாக வாசலில் வெந்துகொண்டிருந்த மாப்பிள்ளையைக் கடைசியில் ஓர் ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆட்டோவின் மேல்கம்பி தலைப்பாகையைத் தட்டியது. அது கழன்று மடியில் விழுந்தது. எடுத்து வைத்தால் அடுத்த பள்ளத்தில் மறுபடி விழுந்தது. கைக்குழந்தையைப் போல அதை மடியில் வைத்துக்கொண்டுதான் உஸ்மான் பள்ளிவாசலில் போய் இறங்கினார். அவருடைய பெரியப்பா மகன் அயூப் இந்தக் கதையை இன்றுவரை எல்லாக் கல்யாணத்திலும் சொல்கிறார். சொல்வதற்கு முன்னால் உஸ்மான் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வார். இருந்தால் சத்தமாகச் சொல்வார்.

அடுத்த வருஷம் ஒரு காண்டஸா கார் லாரிக்கு அடியில் புகுந்து, கூரை அப்பளமாகிப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. "காயலான் கடைக்குப் போட்டுடு பாய்" என்றார் சொந்தக்காரர். உஸ்மான் போடவில்லை. தானே எடுத்துக்கொண்டு, ஆக்ஸா பிளேடு வைத்து அந்தக் கூரையை அறுத்தார். மூன்று நாள் அறுத்தார். மூன்று நாளும் பல்லாவரத்துக்காரரைத் திட்டிக்கொண்டே அறுத்தார். கூரை போனதும் நடு உடம்பு தொய்ந்து, கதவுகள் மூட மறுத்தன. அவற்றையும் திட்டி, அடிப்பாகத்தில் இரண்டு இரும்புச் சட்டங்களை வைத்து வெல்டிங் அடித்தார். கதவு வாயை மூடியது.

அப்படிப் பிறந்ததுதான் தாம்பரம் சுற்றுவட்டாரத்தின் மாப்பிள்ளைக் கார். ஊர்வலம் என்றால் நடக்கிறவர்களின் வேகத்தில் இரண்டு மணி நேரம் ஊர வேண்டும். எந்த இன்ஜினும் கொதித்துவிடும். அதற்காக ரேடியேட்டருக்கு இன்னொரு ஃபேன், அதற்குத் தனி சுவிட்சு. பின்சீட்டைப் பிடுங்கிவிட்டு, ஒன்பது அங்குலம் உயர்த்தி, மெரூன் ரெக்சினில் ஒரே ஓர் ஆள் உட்காரும் சிம்மாசனம். பிரேக் போட்டால் மாப்பிள்ளை முன்னால் வந்து விழாமல் இருக்கப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. மழைத் தண்ணீர் ஓடிவிடத் தரையில் நான்கு ஓட்டை. லாரி தார்ப்பாயில் தைத்து, பட்டன் வைத்த மடக்குக் கூரை. ஆனால் அதை அவர் ஒரு நாளும் மூடியதில்லை. டிக்கியில் ஊக்கு, விசிறி, ஓமத்தண்ணீர். மாப்பிள்ளைகளுக்குக் கடைசி நேரத்தில் வயிற்றைப் புரட்டும் என்பது அனுபவத்தில் கண்டது. இப்படிக் கூரையை அறுப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று கேட்ட போலீஸ்காரர்கள் மூன்று பேர். மூன்று பேரும் பிற்பாடு அதே சிம்மாசனத்தில் மாப்பிள்ளையாகப் போனவர்கள்.

இந்துக் கல்யாணத்துக்கும் போகும், முஸ்லிம் கல்யாணத்துக்கும் போகும். சர்ச்சில் இருந்து ஜோடியாகப் போக வேண்டும் என்று கேட்டவர்களை மட்டும், "ஒருத்தர் சீட்டுதான். வேற வண்டி பாரு" என்று அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை திறந்த காரில். பெண், திரை போட்ட வேனில், பெரியம்மாக்களுக்கு நடுவில். அதுதான் வழக்கம்.

ஊர்வலம் முடிந்ததும் மாப்பிள்ளையின் பெயரை டிக்கி மூடியின் உட்புறத்தில் ஆணியால் கீறி வைப்பார். நானூற்றுச் சொச்சம் பெயர்கள். சரியாக எத்தனை என்று கேட்டால் அதற்கும் கோபம். முதல் பெயர் ஜெயவேலு. நட்டநடுவில் மட்டும் ஒரு பெயர் எழுதுகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார். மகள் இரம் பிறந்த வருஷத்திலிருந்து அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரியும்.

போன மாசிக்கு இரமுக்கு இருபத்தைந்து முடிந்தது. கல்யாணமும் நிச்சயமானது. மாப்பிள்ளை முதாசிர், ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை, மேடவாக்கத்தில் வாடகை வீடு. அந்த வீட்டின் சொந்தக்காரர்தான் முதல் பெயர்க்காரரான ஜெயவேலு. சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. ஒரு காலத்தில் மேடவாக்கத்தில் கத்தரிக்காய் போட்ட குடும்பம். இப்போது அந்தத் தோட்டத்தில் ஐந்து மாடி முளைத்திருக்கிறது. அது காய்த்த காய்ப்பில் ஜெயவேலு ஐம்பத்தைந்தாவது வயதில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்தக் காரில்தான் பட்டறைக்கு வந்தார். கார், சாக்கடை மேல் போட்ட சிமென்ட் பலகையைத் தாண்ட முடியாமல் வாசலிலேயே முனகிக்கொண்டு நின்றது. உஸ்மான் குனிந்து பார்த்தார். கூரை அவருடைய இடுப்புக்குக் கீழே இருந்தது.

"இன்னாய்யா இது? மேல லாரி ஏறிடுச்சா? வுட்டுட்டுப் போ, நிமித்தித் தரேன்."

"ஐயோ பாய், தட்டிடாத! இது ஸ்போர்ட்ஸ் காரு. கம்பெனிலியே இப்டித்தான் வரும். மொதல்ல கையக் குடு, எய்ந்துக்க முடியல."

உஸ்மான் அவரைக் கிணற்றிலிருந்து இழுப்பது போல இழுத்து வெளியே போட்டார். ஜெயவேலு முட்டியைத் தேய்த்துக்கொண்டே பெருமையை ஆரம்பித்தார்.

"நூறு கிலோமீட்டர் வேகத்த மூணே முக்கா செகண்டுல புடிக்கும், தெரியுமா?"

"மேடவாக்கத்துலேந்து இங்க வர எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ஒண்ணேகா மணி நேரம். கேம்ப் ரோட்டாண்ட செம டிராபிக்கு."

"அதுல அந்த மூணே முக்கா செகண்டு எங்க வந்துச்சு?"

ஜெயவேலு நேர்மையானவர். யோசித்துப் பார்த்தார். "பார்க்கிங்லேந்து கேட்டு வரைக்கும் ஒரு செகண்டு யூஸ் பண்ணேன் பாய்" என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். "அது கெடக்கட்டும். நம்ம முதாசிரு தம்பி கல்யாணத்தன்னிக்கி இந்த வண்டி வோணும்னு கேட்டுக்கிச்சு. அதுவே ஓட்டிக்கினு வருமாம். நானும் சரின்னுட்டேன்."

உஸ்மானின் கையிலிருந்த சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"நீ எந்த வண்டில ஊர்வலம் போன?"

"ஒன்னுதுலதான்."

"அந்த டிக்கில மொத பேரு யாருது?"

"எம்பேருதான்... பாய், சுத்தியலக் கீய வையேன்."

சுத்தியல் கீழே வரவில்லை. ஜெயவேலுதான் மறுபடி காருக்குள் போனார். உள்ளே போவது வெளியே வருவதைவிடச் சுலபமாக இருந்தது, பயம் தள்ளிவிட்டதால்.

நானூறு மாப்பிள்ளைகளைச் சுமந்த காரில் சொந்த மாப்பிள்ளை ஏறமாட்டான். அயூப் இதை எத்தனை கல்யாணத்தில் சொல்வான் என்று நினைத்தபோது உஸ்மானுக்குக் காதுக்குள் கிரைண்டர் ஓடியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முதாசிரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டு முதல் வாய் வைப்பதற்குள் உஸ்மான் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா மாப்ள, எங்க வண்டி ஒங்களுக்கு ஆவாதா?"

"மாமா, ப்ளீஸ், தப்பா எடுத்துக்காதீங்க..."

"தப்பா எடுக்காம? எவ்ளோ வேலை செஞ்சி வச்சிகிறேன் அதுல! ஒசரமா ஒக்காந்தா மாப்பிள்ளைய ஊரே பாக்கும். பக்கத்துல முன்னால பதினஞ்சி புள்ளைங்க ஏறிக்கும். ரெண்டு மணி நேரம் ஊந்தாலும் சூடாவாது. மழை வந்தாலும் தண்ணி நிக்காது. அந்தச் செவப்பு டப்பால இன்னா கீது? தலைப்பா வச்சிக்கினு உள்ள பூர முடியுமா? படுத்துக்கினே போவணும். மையத்து எடுத்துக்கினு போற மாதிரி..."

"நல்ல காரியம் பேசறப்ப என்ன வாய் இது?" என்று நூர் பீவி கரண்டியால் பாத்திரத்தின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அவரைத் திட்டாதீங்க அத்தா." உள்ளறையிலிருந்து இரம் வந்து நிலைப்படியில் நின்றாள். "அந்தக் காரைக் கேட்டது நான்தான்."

உஸ்மான் திரும்பினார். "நீயா? ஏன்?"

"அதுல ரெண்டு சீட் இருக்கு."

"அதுக்கு?"

"ஒண்ணு அவருக்கு, ஒண்ணு எனக்கு. உங்க கார்ல எத்தனை?"

முதாசிர் தட்டில் இருந்த உருளைக்கிழங்கை மிகவும் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"ஏழு வயசுல பட்டறைக்கு வந்தப்ப அந்தச் சீட்ல ஏறி உட்கார்ந்தேன்" என்றாள் இரம். "ஞாபகம் இருக்கா? கையைப் பிடிச்சு இறக்கி விட்டீங்க. 'இது மாப்பிள்ள சீட்டு'ன்னீங்க. சரி, இப்ப மாப்பிள்ளை வந்தாச்சு. அவர் மேல உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கை காட்டட்டும். நான் கர்ட்டன் போட்ட வேன்ல, ஒம்பது பெரியம்மாங்க மடிக்கு நடுவுல நசுங்கிட்டு வரேன். அதானே ப்ளான்?"

"அதான் வயக்கம்!"

"யாரு வழக்கம்? கார் நீங்க செஞ்சது. சீட்டு நீங்க வச்சது. அந்த வழக்கமும் நீங்க வெல்டிங் அடிச்சதுதான்."

உஸ்மான் எழுந்தேவிட்டார். சோற்றுக் கையை உதறினார். ஒரு பருக்கை முதாசிரின் மூக்குக்கண்ணாடியில் போய் ஒட்டியது; அதைத் துடைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. "பொட்டச்சிக்குப் பேச்சப் பாரு! இருவத்தெட்டு வருசமா நான் பட்ட அவமானம் ஒனக்கு இன்னா தெரியும்? தலைப்பாவ மடில வச்சிக்கினு ஆட்டோல போனேன்டி நான்!"

"நீங்க ஆட்டோல வந்தீங்க" என்றார் நூர் பீவி.

குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஊருக்கே தெரியும். அயூப் மச்சான் புண்ணியத்துல பொறக்கப்போற புள்ளைக்கும் தெரியும். அன்னிக்கு நான் எதுல வந்தேன்னு தெரியுமா உங்களுக்கு?"

உஸ்மான் சோற்றுக் கையைச் சட்டையில் துடைத்தார்.

"இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா? எங்களுக்குச் சொல்லி வச்ச வேனும் வரல. பிரியாணி தேக்சா ஏத்தின டெம்போலதான் என்னை ஏத்துனாங்க. சூடா ரெண்டு தேக்சா, நடுவுல நான். வளைவுல திரும்பறப்ப சாஞ்சிட்டேன்." நூர் பீவி முழங்கையைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் பழைய தழும்பு. "சமையல்ல சுட்டுக்கிட்டேன்னு நீங்களா நெனச்சிட்டீங்க. நானும் விட்டுட்டேன். மாப்பிள்ளையோட தலைப்பா விழுந்த கவலைல வீடே அழுதுட்டு இருந்துச்சு. பொண்ணு கைய யார் பாக்கறது?"

உஸ்மான் யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. கூடத்தில் இருந்த நான்கு பேரில் திட்டக்கூடியவர் ஒருவர்கூட இல்லை. அவரைத் தவிர. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போகும்போது வாசல் கேட்டை ஒரு உதை விட்டார். கேட்டில் டொக்கு விழுந்தது.

மறுநாள் காலை சமாதானம் பேச வந்த ஜெயவேலு பார்த்தபோது, உஸ்மான் காண்டஸாவின் பின்பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தார். ஸ்பேனரும் வசவும் மாறி மாறிக் கேட்டன.

"பாய், நான் வேணா என் வண்டி ரிப்பேருன்னு சொல்லிடட்டா?"

"வாயப் பொத்து. ஒஞ்சம்சாரம் ஒங்கல்யாணத்தன்னிக்கி மண்டபத்துக்கு எதுல வந்துச்சு?"

"கங்கையா?" ஜெயவேலு வானத்தைப் பார்த்தார். "தெரிலியே பாய். வந்துச்சு. தாலி கட்னப்ப பக்கத்துலதான் இருந்துச்சு."

"போன் போடு. கேளு."

போனில் கங்கையம்மாளின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "இன்னாது? எதுல வந்தேனா? இருவத்தேழு வருசம் கயிச்சி இன்னா திடீர்னு அக்கறை? டிராக்டர்ல வந்தேன். வைக்கோல் மேல ஜமக்காளத்தப் போட்டு ஒக்கார வச்சாங்க. பட்டுப் பொடவை பூரா வைக்கோலு. வேற எதுனா கேக்கணுமா, வைக்கட்டா?" பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

ஜெயவேலு போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"நான் மேல ஒக்காந்து கை காட்டிக்கினு போறேன்," என்றார் ஜெயவேலு மெல்ல, "அது வைக்கோல்ல..."

"பேசாத. இந்தக் கம்பியப் புடி. ஆட்டாம புடி! கத்தரிக்கா பறிக்கவா வந்துகீற?"

சிம்மாசனம் அவ்வளவு எளிதில் வரவில்லை. அது கழற்றுவதற்காக அடித்த வெல்டிங் இல்லை. ஒவ்வொரு இணைப்பையும் அறுக்க அறுக்க, அதைப் போட்டவனை உஸ்மான் வாய்க்கு வந்தபடி திட்டினார். போட்டவன் அவர்தான் என்பதால் வசவில் எந்தக் குறையும் வைக்கவில்லை. அந்த மாதம் முழுக்க வாடிக்கையாளர்களின் டொக்குகள் காத்துக் கிடந்தன. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரமும் கேட்கவில்லை. அப்பாவும் மகளும் உப்பு வேண்டும் என்றால்கூட நூர் பீவி வழியாகத்தான் கேட்டார்கள்.

கல்யாண நாள் வந்தது. பள்ளிவாசலில் பதினோரு மணிக்கு நிக்காஹ் முடிந்து, முதாசிர் பெண்ணை அழைத்துப் போக உஸ்மானின் தெருவுக்கு வந்தான். மண்டபம் ஒன்றரை கிலோமீட்டர். நடுவில் பதினோரு வேகத்தடை. வாசலில் சிவப்புக் கார் துடைத்து வைத்த மிளகாய் மாதிரி நின்றது. அதற்குப் பின்னால் காண்டஸா. அதைப் பார்த்த தெருக்காரர்களுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அதன் தார்ப்பாய்க் கூரை இழுத்து மூடப்பட்டு, பட்டன் போடப்பட்டிருந்தது. உஸ்மான் டிரைவர் கதவில் சாய்ந்துகொண்டு, முகத்தைக் கல்லாக வைத்திருந்தார். ஏறுங்கள் என்று கேட்கமாட்டார். கேட்டு, முடியாது என்று சொல்லிவிட்டால்?

ஊர்வலத்துக்கு வந்திருந்த தஃப் மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். அயூப் பேச வாயைத் திறந்து, உஸ்மானின் கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கையில் சுத்தியல் இல்லை. ஆனாலும்.

இரம் வெளியே வந்தாள். சொன்னபடி நேராகச் சிவப்புக் காருக்குப் போனாள். முதாசிர் கதவைத் திறந்தான். அவள் குனிந்தாள், பிறகு நிமிர்ந்தாள். பின்னால் இருந்த காரைப் பார்த்தாள்.

"அத்தா, அது ஏன் கூரை மூடியிருக்கு?"

"வெயிலு" என்றார் உஸ்மான்.

அது எப்படிப்பட்ட பொய் என்று இரமுக்குத் தெரியாதா? கூரையைக் கண்டால் பாம்பைக் கண்டது போல அடிக்கிற மனிதர், வெயிலுக்காகக் கூரை போடுவாரா? அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காண்டஸாவின் பக்கம் வந்தாள். பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தார்ப்பாயை மடக்கிப் பின்னால் தள்ளினாள்.

சிம்மாசனம் இல்லை. அந்த இடத்தில், அதே ஒன்பது அங்குல உயரத்தில், நீளமாக ஒரே சீட்டு. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். புது ரெக்சின் வாசனை தெருவில் பரவியது.

இரம் அதை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தால் மை கரையும் என்பதால், வேறு வழியில்லாமல் அவளும் அப்பாவைப் போலக் கோபத்தைத்தான் எடுத்தாள்.

"கம்பி ஒண்ணுதான் இருக்கு. அது அவர் பக்கம். பிரேக் போட்டா நான் எதைப் பிடிச்சுக்கறது?"

உஸ்மானுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. ஒரு மாதம் ராப்பகலாக யோசித்துச் செய்தது, கம்பியை மறந்திருக்கிறார். "ஏன், ஒம்புருசனப் புடிச்சிக்கயேன்!" என்று தெரு அதிரக் கத்தினார்.

தெரு சிரித்த சிரிப்பில் தஃப்காரர்கள் தாளத்தை ஆரம்பித்துவிட்டார்கள். பெரியம்மாக்கள் ஒன்பது பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். என்ன சொன்னோம் என்று உஸ்மானுக்குப் புரிந்தபோது காது இரண்டும் சிவப்புக் காரின் நிறத்துக்கு வந்திருந்தன. இரம் ஏறி உட்கார்ந்தாள். முதாசிர் மறுபக்கம் ஏறினான். தலைப்பாகை எதிலும் தட்டவில்லை. இருந்த ஒரே கம்பியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, அவன் மாமனாரின் ஆணையைக் கொஞ்சம் திருப்பி, அவளைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப என் வண்டி?" என்றார் ஜெயவேலு பாவமாக. "தொடச்சிக் கொணாந்தேனே..."

"அது சும்மாதானே போகுது?" என்றது ஒரு குரல்.

நூர் பீவி. பட்டுப் புடவையை இறுக்கிச் செருகிக்கொண்டு, சிவப்புக் காரின் திறந்த கதவுக்குள் முதலில் தலையையும் பிறகு மீதியையும் நுழைத்துக்கொண்டிருந்தார்.

"ஏய் நூரு! நீ எங்க போற? பொம்பளைங்க எல்லாம் வேன்ல..." உஸ்மான் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருடைய கண் மனைவியின் முழங்கையில் பட்டுவிட்டது.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் தஃப், அதற்குப் பின்னால் சிவப்புக் கார், அதற்குப் பின்னால் காண்டஸா. பிள்ளைகள் முன்சீட்டிலும் பக்கவாட்டிலும் டிக்கி மேலும் ஈ மொய்ப்பது போல ஏறிக்கொண்டார்கள். மாடிகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்தத் தடவை மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் பெண்ணைப் பார்த்தார்கள். இரம் கை காட்டினாள். டிக்கி மூடியில் ஒரு பெயருக்கு விட்ட இடத்தில் இரண்டு பெயரை எப்படி நெருக்கிக் கீறுவது என்று உஸ்மான் எரிச்சலோடு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது முதல் வேகத்தடை வந்தது.

சிவப்புக் கார் நின்றது. அதன் வயிறு தரையிலிருந்து நான்கு விரல் உயரம். வேகத்தடை ஒரு முழம். ஜெயவேலு நேராக ஏற்றிப் பார்த்தார், கீச்சென்றது. குறுக்கே ஏற்றினார், கிர்ரென்றது. நான்கு பேர் குனிந்து பார்த்து நான்கு யோசனை சொன்னார்கள். மூணே முக்கால் செகண்டில் நூறைத் தொடுகிற கார், அந்த ஒரு மேட்டைத் தாண்ட ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது. இன்னும் பத்து பாக்கி.

இரண்டாவது வேகத்தடையில் உஸ்மான் ஹாரனில் கை வைத்தார். மூன்றாவதில் எடுக்கவே இல்லை. உச்சி வெயில், சட்டைக்குள் வேர்வை, மண்டபத்தில் பிரியாணி, பின்னால் ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் நிற்கிற வண்டிகள்.

"யோவ் ஜெயவேலு! எடுய்யா வண்டிய! தூக்கிக்கினாவது போய்யா! ஒரு கல்யாணத்துக்கு இவ்ளோ நேரமாய்யா ஊருவீங்க?"

சிவப்புக் காரின் கண்ணாடி மெதுவாக இறங்கியது. மருதாணி வைத்த கை ஒன்று வெளியே வந்து, பொறு என்று அசைந்தது. பிறகு நூர் பீவியின் முகம் எட்டிப் பார்த்தது.

"கத்தாதீங்க" என்றார். "மெதுவாத்தான் போவோம். நான் ஒரு தடவைதானே போறேன்."

உஸ்மான் மெல்ல ஹாரனிலிருந்து கையை எடுத்தார். டேஷ்போர்டில் தடவி, ரேடியேட்டரின் இரண்டாவது ஃபேனைப் போட்டுவிட்டார்.